அரக்கு இல்லாத ஆணை

கெல்வார் கணவாயில்
முதல் பனிக்குப் பிறகு வண்டி வராது.
விறகு வராது. சம்பளம் வராது.
சுற்றறிக்கை மட்டும்
எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

நான் மந்திரப் பதிவகத்தின்
மூன்றாம் நிலை எழுத்தர்.
மேகம் கலைப்போர், எலும்பு கூட்டுவோர்,
பூட்டோடு பேசுவோர், கனவில் புகுந்து கடன் வசூலிப்போர்
எல்லோருக்கும் என்னிடம் ஒரு பக்கம் உண்டு.
இடது பெருவிரல், உயரம், மச்சம்,
சக்தி வந்த வழி: பரம்பரை, விபத்து, பிற.
'பிற' என்று எழுதியவர்களை
இன்னொரு நாள் வரச் சொல்வோம்.

அன்று வந்தவள் யோர்னா வெஸ்கில்.
தீ வகுப்பு, கீழ்நிலை,
உரிம எண் நானூற்றுப் பதினாறு.
அடுப்பு மூட்டலாம். விளக்கேற்றலாம்.
அதற்கு மேல் ஒரு பொறி பறந்தாலும்
பிரிவு பதினொன்று.

தானாகவே சொன்னாள்.
ஆற்றுப் பனி உடைந்து ஒரு பையன் விழுந்தான்.
அவள் பையன் இல்லை.
கம்பளி வியாபாரி ட்ரேவனின் கடைக்குட்டி,
போன வருடம் அவள் கதவில்
கரியால் 'சூனியக்காறி' என்று எழுதியவன்.
வல்லின றகரம் போட்டு, என்றாள்.
இழுத்துப் போட்டபோது நீலமாகக் கிடந்தான்.
இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தேன்.

எவ்வளவு நேரம்?
எண்ணவில்லை.
படிவத்தில் கட்டம் இருக்கிறதே.
ஒரு பானை பார்லிக் கஞ்சி
கொதிக்கிற நேரம் என்று போடுங்கள்.
போட்டேன்.

பையன் பிழைத்துக்கொண்டான்.
பிழை மட்டும் அப்படியே கதவில்.

மனித உடலைச் சூடாக்குவது
மருத்துவ வகுப்பின் அதிகாரம்.
மருத்துவ உரிமம் உள்ளவர்
மலைக்கு அந்தப் பக்கம், பதினாறு நாள் தொலைவில்.
சட்டம் தொலைவை அளப்பதில்லை.
உரிமம் ரத்து. தொண்ணூறு ஸ்கர் அபராதம்.
இரண்டு கைக்கும் ஈயக் கையுறை,
மூன்று குளிர்காலம்.

எழுதி முடித்தேன்.
முத்திரை விழாத ஆணை வெறும் தாள்.
அரக்கோ கல்லாய் இறுகிக் கிடந்தது.
கணப்பு அணைந்து ஐந்து நாள்.
விறகு கேட்டு நான் போட்ட விண்ணப்பம்
தலைநகரில் யார் மேசையிலோ
கதகதப்பாக இருக்கும்.

சிக்கிமுக்கிக் கல்லை உரசினேன், ஈரம்.
அரக்கை உள்ளங்கையில் பொத்தி ஊதினேன்.
கக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு,
கொடுங்கள் என்று கை நீட்டினாள்.

கொடுத்தேன்.
இதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

விரலிடுக்கில் அது சிவந்து
ஒரு சொட்டு தாளில் விழுந்தது.
அழுத்தப் போன என் கை
அப்படியே நின்றது.
கையெழுத்திட்ட கணமே உரிமம் ரத்து.
ரத்தான கையால் அரக்கு உருக்கியது இரண்டாம் குற்றம்.
இரண்டாம் குற்றத்துக்கு இன்னொரு ஆணை.
இன்னொரு ஆணைக்கு இன்னொரு முத்திரை.
அதற்கு
அரக்கு.
உருக்கக் கொடுத்தது அரசு ஊழியர் என்றால்
பிரிவு இருபத்து மூன்று:
அவருக்கும் கையுறை.

நான் சிரித்திருக்கக் கூடாது.
அவள் சிரிக்கவில்லை.
சொட்டு, முத்திரை காணாமல், மறுபடி கல்லானது.

நீ போகலாம் என்றேன்.
போகாமல் கணப்பின் முன் குந்தி
பழைய சாம்பலுக்குள் கையை விட்டாள்.
விறகில்லையே அம்மா.
தெரியும், என்றாள்.
சற்று நேரத்தில்
மைக்கூட்டில் உறைந்திருந்த மை
மெல்ல விரிசல் விடும் ஓசை கேட்டது.

பனி கரைந்ததும் ஆய்வாளர் வந்தார்.
நானூற்றுப் பதினாறு ஏன் நிலுவையில்?
அரக்கு இல்லை ஐயா.
அலமாரியைத் திறந்தார்.
நாற்பது கட்டி, அடுக்கி வைத்தபடி.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கையுறையைக் கழற்றாமலே
குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்.
என்ன வரி என்பது
அடுத்த வண்டி வந்தால் தெரியும்.